தையலக்காவின் பெட்டியும் டிரம்ஸ்காரரின் இடமும்

தையலக்காவுக்கு வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது வண்டி இருக்கைகளுக்கு உறை தைத்ததால்தான். கிட்டார் வாசித்ததால் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், அது பொய். டாக்டர் என்னவோ இரண்டையும் நிறுத்தச் சொன்னார். தையலை நிறுத்தினால் சோறு கிடையாது, கிட்டாரை நிறுத்தினால் கிடைக்கிற சோறும் இறங்காது என்று அவரிடமே சொல்லிவிட்டு, அவர் கொடுத்த பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். அன்று ஒரு லாரியின் டிரைவர் சீட்டுக்கு உறை பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

கிட்டார் முதலில் அவள் தம்பியுடையது. அவன் ஆசைப்பட்டு வாங்கினான், வாங்கியதோடு ஆசை தீர்ந்தது. சும்மா சுவரில் சாய்ந்து கிடக்கிறதே என்று எடுத்துத் துடைத்தவள், துடைத்த கையோடு வாசிக்கவும் கற்றுக்கொண்டாள். பிறகு தம்பிக்குப் பொறாமை வந்து, நாலே தடித்த கம்பி உள்ள பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினான். கம்பி குறைவு என்றால் வேலையும் குறைவு என்று அவன் கணக்கு. டிரம்ஸுக்கு ஆள் தேடியபோது கிடைத்தவர்தான் பின்னால் அவளுக்கு வீட்டுக்காரர் ஆனார். கல்யாணத்தைப் பதிவு செய்ய அலுவலகத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்ற மனிதர் அவர். அப்போதே யோசித்திருக்கலாம். அவளுக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்காரருக்கு வேலை பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. அந்த வேனில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி ஒன்றைப் பொருத்தி முத்திரை வைத்திருந்தார்கள். எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஒரு அளவுக்கு மேல் போகாது. சைக்கிள்காரர்கள் கையசைத்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். வாரம் பூராவும் அடக்கி வைத்த வேகம் அத்தனையும் சனிக்கிழமை சாயங்காலம் அவர் கையிலிருக்கும் குச்சி வழியாக இறங்கும்.

சனிக்கிழமைகளில் மூவரும் வாசித்தது ஒரு ஸ்கேட்டிங் கூடத்தில். காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றுவார்களே, அது. மூலையில் ஒரு மேடை, அதில் இவர்கள். நடுவில் கழுத்தில் விசிலோடு முதலாளியம்மா. கூடத்தின் ஒலிபெருக்கி என்றைக்கோ பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்யாமல் ஆளை வைத்து வாசிக்கவிட்டதற்கு, "பாட்டுப் போட்டா சுத்துவாங்க, ஆள் வாசிச்சாத்தான் திரும்ப வருவாங்க" என்று காரணம் சொன்னாள். ஆரம்பத்தில் ஆட்கள் ஜோடி ஜோடியாகக் கை கோத்து மெதுவாகப் போவார்கள். பாட்டு முடிகிறபோது ஆளுக்கொரு பக்கம் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். பாட்டு என்றால் அப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லி வந்தவர்களும் உண்டு.

டிரம்ஸ்காரர் தாளத்தை விட்டு ஓடுகிறார் என்பது யாருக்கும் தெரியாததற்குக் காரணம் தையலக்கா. அவர் வேகம் எடுத்தால் இவள் கையும் வேகம் எடுக்கும். நீளக் கால்காரரோடு சந்தைக்குப் போகிறவள், அவரை நில்லு என்று சொல்லாமல் தானும் எட்டு வைப்பது போலத்தான். பக்கத்தில் ஒருத்தி கூடவே ஓடிவந்ததால், தான் ஓடுவது அவருக்கே தெரியாது.

இப்போது மணிக்கட்டு வலித்தது. கூட ஓட முடியவில்லை.

அவள் கடை இருந்த வரிசையிலேயே வாத்தியங்கள் ரிப்பேர் செய்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். இருவரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஒரு ஸ்பீக்கருக்கு உறை தைக்க அளவு எடுக்கப் போனபோது, அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டி அவள் கண்ணில் பட்டது. செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிசு. மேலே வரிசையாகச் சின்னச் சின்னத் தள்ளு பொத்தான்கள்.

"இது என்னண்ணே, பல்லு வரிசை மாதிரி இருக்கு?"

"கிட்டாருக்கு மாட்டுற பெடல்க்கா. காலால மிதிக்கிறது. வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து போட்டுட்டாங்க."

"ஏன், வேலை செய்யலையா?"

"செய்யுது. அதுதான் பிரச்சினை. யாரு பேச்சையும் கேக்காம செய்யுது."

மாட்டிக் காட்டினார். கிட்டாரை ஒரு தடவை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டால் போதும். கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை அப்படியே வெளியே விடாமல், பெட்டி ஒரு கதவு வழியாக விடும். கதவை ஒருக்களித்தால் அடித்தொண்டையில் முனகல், அகலத் திறந்தால் கீச்சு. எந்த நேரத்தில் எவ்வளவு திறப்பது என்பதை எட்டுத் தள்ளு பொத்தான்களும் முறை வைத்துச் சொல்லும். மேலே தள்ளினால் திறப்பு, கீழே இறக்கினால் சாத்தல். ஒரு சிவப்பு விளக்கு இடமிருந்து வலமாக ஓடி இப்போது யார் முறை என்று காட்டும். கடைசிப் பொத்தான் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரே மீட்டலில் வவ், வீ, டொக், வா என்று பெட்டி பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனது.

தையலக்கா மணிக்கட்டைப் பார்த்தாள். அது சும்மா மடியில் கிடந்தது. கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போகுமா?" என்று கேட்டு, காலால் அழுத்தினாள். சத்தம் நின்றது.

"அழுத்தக் கூடாதுக்கா. ஒரு மிதி மிதிச்சா ஆன், இன்னொரு மிதி மிதிச்சா ஆஃப். வேகத்துக்கு இந்தத் திருகு."

"அழுத்துனா ஓடாத பெடல் என்ன பெடல்?"

"இது தையல் மிஷின் இல்லக்கா."

அவள் வாழ்நாளில் பாதி, காலை அழுத்தினால் ஊசி ஓடும், எடுத்தால் நிற்கும் என்றுதான் போயிருந்தது. தலைக்குப் புரிந்தது. காலுக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை பெட்டியை மேடையில் வைத்தபோது வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "யாரு இது?" என்று கேட்டார். எது என்று கேட்கவில்லை.

"மணிக்கட்டுக்குங்க."

"மருந்தா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

முதல் பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. பெட்டி பேச, தம்பி அடியில் உறும, வட்டத்தில் சுற்றியவர்கள் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மனைவியின் கையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு சுழற்று சுழன்றார். பாதிப் பாட்டில் டிரம்ஸ்காரர் கிளம்பினார். வழக்கமாக அந்த இடத்தில் தையலக்கா கூடக் கிளம்புவாள். பெட்டி கிளம்பவில்லை. அது பாட்டுக்கு வவ், வீ, டொக், வா.

மேடையின் டிரம்ஸ் பக்கமாகப் போனவர்கள் டிரம்ஸோடு போனார்கள். கிட்டாரின் ஸ்பீக்கர் பக்கம் வந்தவர்கள் பெட்டியோடு நடந்தார்கள். ஒரே வட்டத்துக்குள் இரண்டு வேகம். தையலக்கா இதைப் பார்த்ததும் செய்யக் கூடாததைச் செய்தாள். வீட்டுக்காரரைப் பிடிக்க வேண்டுமே என்று பெடலை அழுத்தினாள். சத்தம் நின்றது. பதறி இன்னும் அழுத்தினாள். வந்தது. போதவில்லை என்று மறுபடி அழுத்தினாள். நின்றது. சத்தம் நின்றபோதெல்லாம் பாதிப்பேர் நின்றார்கள், மீதிப்பேர் அவர்கள் மேல் வந்தார்கள். திருப்பத்தில் ஒரு குவியல் ஆனது. பல் டாக்டர் ஒருவர் ஒரு டீச்சரம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தார். அதைப் பற்றி இருவருமே பிறகு புகார் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

முதலாளியம்மா விசில் ஊதினாள். டிரம்ஸ் நின்றது, பேஸ் நின்றது. பெட்டி மட்டும் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு ஓய்ந்தது.

"என்ன நடக்குது மேடையில?"

"பொட்டி லேட்டா வருதும்மா" என்றார் டிரம்ஸ்காரர்.

"இல்ல மாமா" என்றான் தம்பி. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, எனக்குத் தெரியல மாமா" என்றான்.

முதலாளியம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. பெட்டியைத் தனியாக வாசிக்கச் சொன்னாள். வட்டம் சீராகச் சுற்றியது. டிரம்ஸைத் தனியாக அடிக்கச் சொன்னாள். நடையில் தொடங்கிய வட்டம், ஓட்டத்தில் முடிந்தது. கூட ஓட ஆளில்லாமல் அவர் ஓடுவதை எல்லோரும் அன்றுதான் கேட்டார்கள். அவரும் கேட்டார். கேட்டுவிட்டு, குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, கூரையில் ஏதோ இருப்பது போல் பார்த்தார்.

"இத்தனை காலமா இதை ஸ்டைலுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் முதலாளியம்மா. "அக்கா, அடுத்த வாரத்துலருந்து பொட்டி போதும். அதுவே தாளமும் போடுதே. அண்ணன் வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்."

"அவரு வரலன்னா நானும் வரலம்மா."

"அப்ப பொட்டிய வீட்டுல விட்டுட்டு வாங்க."

தையலக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி இல்லாமல் அரைமணி கூட வாசிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். "பொட்டியும் வரும், அவரும் வருவாரு" என்றாள்.

"யாராவது விழுந்து கை காலை ஒடைச்சா நீங்களா பதில் சொல்வீங்க? சரி. வர்ற சனிக்கிழமை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க. ரெண்டும் ஒண்ணா நடந்தா ரெண்டும் இருக்கட்டும். நடக்கலன்னா அண்ணன் பார்க்க வரலாம், டிக்கெட் வேண்டாம்."

டிக்கெட் வேண்டாம் என்றதுதான் அவரைச் சுட்டது. வீடு வரும்வரை வேனை மிதி மிதி என்று மிதித்தார். வேன் தன் அளவைத் தாண்டவில்லை.

அந்த வாரம் பூராவும் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பழகினார்கள். அக்கம்பக்கத்துக்காரர்களுக்காக அவர் தலையணையில் அடித்தார். தையலக்கா திருகைத் திருப்பிப் பெட்டியின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். அவர் அதைத் தாண்டினார். குறைத்துப் பார்த்தாள், இன்னும் சௌகரியமாகத் தாண்டினார். தம்பி ஒரு யோசனை சொன்னான். டிக் டிக் என்று தாளம் சொல்கிற இயர்போனை மாமாவின் காதில் மாட்டிவிட்டான். அவர் கொஞ்ச நேரத்தில் பிடுங்கிப் போட்டார்.

"உள்ளே ஒருத்தன் விடாம என்னைத் திட்டுறான்."

"அது தாளம் மாமா."

"எனக்கு நீ தாளம் சொல்றியா மச்சான்? நாலு கம்பிய வச்சுக்கிட்டு?"

"பொட்டி கூடப் போறதுக்கு என்ன மாமா கஷ்டம்?"

"அது நிக்கவே மாட்டேங்குதுடா. பேசிட்டே போகுது. நான் எங்கே உள்ளே நுழையறது?"

தம்பி பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

தையலக்கா அன்று வாயைத் திறந்தாள். திறந்தால் லேசில் மூடுகிறவள் இல்லை. ரேஷன் கடையில் நிற்கிற வரிசையில் கூட முன்னாடி போய் நின்று பேச்சு வாங்குகிறவர் நீங்கள், சாப்பாட்டை மெல்லாமல் விழுங்குகிறவர் நீங்கள், நான் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடிக்கும்முன் அதைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர் நீங்கள், இத்தனை காலமும் உங்கள் பின்னாலேயே ஓடி ஓடித்தான் என் மணிக்கட்டு இப்படி ஆச்சு, இப்போது ஒரு பெட்டிக்காக ஒரே ஒரு பாட்டுக்கு நின்று நடக்க முடியாதா என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"உப்பு கம்மி" என்றார் அவர்.

ராத்திரிச் சாப்பாட்டைச் சொன்னார். அது உண்மையும்தான். ஆனால் தையலக்காவுக்கு வேறு ஒன்று உறைத்தது. எல்லாவற்றிலும் முந்துகிற இந்த மனிதர், அவள் பேசும்போது மட்டும் ஒரு நாளும் குறுக்கே விழுந்ததில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பார். அவள் மூச்சு வாங்குகிற இடம் வந்ததும் அதில் ஒரு வார்த்தையை வைப்பார். கடைசி வார்த்தை. முன்னாலும் விழாது, பின்னாலும் விழாது. அந்த வார்த்தைக்காக அவளுக்கு எத்தனையோ தடவை கோபம் வந்திருக்கிறது. அது எவ்வளவு கச்சிதமாக விழுகிறது என்று இப்போதுதான் கவனித்தாள்.

பெட்டியைப் பார்த்தாள். எட்டுப் பொத்தான்கள், எட்டும் ஏதோ ஒரு அளவுக்குத் திறந்தவை. மூச்சே விடாமல் பேசுகிற பெட்டி. அதோடு எந்த மனிதன் பேச முடியும்? கடைசிப் பொத்தானை விரலால் கீழே இறக்கினாள். முழுக்க இறக்கினாள்.

"இன்னொரு தடவை வாசிக்கலாங்க" என்றாள்.

"எதுக்கு, மறுபடியும் திட்டவா?"

"தலையணைய எடுங்க."

மீட்டினாள். வவ், வீ, டொக், வா, வவ், வவ், வீ என்று ஓடிய சத்தம் கடைசிப் பொத்தானில் பட்டென்று அடங்கியது. கதவு சாத்தியாச்சு. அந்த வெறும் இடத்தில் தலையணையில் ஒரு அடி விழுந்தது. தொப். மறுபடி பெட்டி பேசியது; அவர் குச்சி தலையணை மேல் லேசாகத் தடவிக்கொண்டு காத்திருந்தது. இடைவெளி வந்தது. தொப். அவர் முந்தவில்லை. முந்தினால் கடைசி வார்த்தை நடு வார்த்தை ஆகிவிடுமே, அதை அவர் எப்படி விடுவார்? பாட்டு முழுக்க, முடிகிற வரைக்கும், தொடங்கிய நடையிலேயே நடந்தார். தலையணையிலிருந்து பஞ்சு மட்டும் கொஞ்சம் வெளியே வந்தது.

"பாத்தியா?" என்றார். "பொட்டி இன்னைக்குத்தான் ஒழுங்கா டயத்துக்கு வருது. நான் அன்னைக்கே சொன்னேன்ல, அதுலதான் கோளாறுன்னு."

தையலக்காவிடம் இதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. விழுங்கிவிட்டாள். மறுநாள் தம்பி வந்து கேட்டுவிட்டு, "மாமா, எப்படி மாமா?" என்று வாயைப் பிளந்தபோது, அவன் காலை மிதித்தாள். இந்தப் பெடல் அழுத்தியதும் நின்றது.

சனிக்கிழமை கூடம் திறப்பதற்கு முன்பே வழக்கமாக வருகிறவர்கள் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். பல் டாக்டரும் டீச்சரம்மாவும் ஒரே நேரத்தில் வந்தார்கள், ஆனால் வேறு வேறு கதவு வழியாக. முதலாளியம்மா விசிலைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"முதல்ல பொட்டிய மட்டும் வாசிங்க. போன வாரம் மாதிரி. அப்புறம் அண்ணனோட. எது வித்தியாசம்னு எனக்குத் தெரியணும்."

இதைத் தையலக்கா எதிர்பார்க்கவில்லை. பொத்தானை மேலே தள்ளிவிட்டு வாசிக்கலாம். பெட்டி மட்டும் போதும் என்று ஆகிவிடும். தள்ளாமல் வாசித்தால் பெட்டியின் நடுவில் இடைவெளி விழுவது எல்லோருக்கும் தெரியும். அது தனக்காக விட்ட இடம் என்று அவருக்கும் தெரிந்துவிடும். அவர் குச்சிகளோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் யோசித்தாள். தள்ளவில்லை. மீட்டினாள்.

வட்டம் சுற்றத் தொடங்கியது. இடைவெளி வந்தபோது அத்தனை கால்களும் லேசாகத் தடுமாறின. மறுபடி வந்தது, மறுபடி தடுமாறின. நாலைந்து சுற்றுக்குப் பிறகு, அந்த இடம் வரும்போதெல்லாம் சுற்றுகிறவர்கள் தாங்களாகவே டிரம்ஸ் இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விசில். "என்னக்கா இது, நடுவுல நடுவுல ஓட்டை விழுது? பொட்டி ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லம்மா. அது அவரு உக்கார்ற எடம்."

"அதையும் பொட்டியே அடைச்சிடாதா?"

"அடைக்கும். இந்தப் பொத்தானை மேல தள்ளுனா அடைக்கும்."

"அப்பத் தள்ளுங்க."

"தள்ள மாட்டேன்."

"ஏன்?"

"சீட்டு தைக்கிறவ நான். உக்கார்றவரு அளவைப் பாத்துத்தான் தைப்பேன்."

தையலக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்தச் சத்தமில்லாமையிலேயே தெரிந்தது. பெட்டி டயத்துக்கு வரத் தொடங்கியது ஏன் என்பது, தலையணை, தம்பியின் கால், எல்லாம். எழுந்து போய்விடுவார் என்று தம்பி நினைத்தான். நாற்காலி கிறீச்சிட்டது. உட்காருவதற்கு வசதியாக அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எடம் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றார். "பரவாயில்ல. வாசி."

வாசித்தாள். பெட்டி பேசியது, அவர் காத்திருந்தார், இடம் வந்ததும் வைத்தார். இந்த முறை நிஜ டிரம்ஸ் என்பதால் தொப் என்று விழவில்லை, கூரை அதிர விழுந்தது. வட்டம் ஒரே வட்டமாகச் சுற்றியது. கிழவர் மனைவியின் கையைப் பிடித்தபடியே ஒரு சுழற்று சுழன்றார், அந்த அம்மாளும் கூடவே சுழல வேண்டியதாயிற்று. பாட்டு முடிந்தபோது யாரும் கம்பியைப் பிடிக்கவில்லை. உடம்புக்கு நல்லது என்று வந்தவர்கள் மட்டும், இன்று வேர்க்கவே இல்லையே என்று குறைப்பட்டார்கள்.

"ரெண்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா கதவைத் திறக்கப் போனாள்.

வேனில் திரும்பும்போது தம்பி பின் சீட்டில் தூங்கிவிட்டான். பெட்டி தையலக்காவின் மடியில் இருந்தது. சைக்கிள்காரர் ஒருவர் கையசைத்துவிட்டுத் தாண்டிப் போனார்.

"ஏம்மா" என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பொத்தானை இன்னும் கொஞ்சம் எறக்க முடியாதா?"

"முழுசா எறக்கியாச்சுங்க."

"அப்ப அதுக்குப் பக்கத்துல இருக்குற பொத்தான்? அதையும் எறக்குனா கொஞ்சம் கால் நீட்டி உக்காரலாம்."

"அதெல்லாம் முடியாது, அதுல நான் பேசணும்" என்றாள் தையலக்கா. அவள் மூச்சு வாங்குகிற இடத்துக்காக அவர் வழக்கம்போலக் காத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்தாமல், ரேஷன் கடை வரிசை, சட்டைப் பொத்தான், சாப்பாட்டு உப்பு, பதிவு அலுவலகத்துக்கு ஒரு நாள் முன்னால் வந்து நின்றது என்று ஒவ்வொன்றாக எடுத்து, எங்கேயும் மூச்சு வாங்காமல், வீட்டு வாசல் வருகிறவரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.